சின்ன எக்ஸ்பெரிமெண்டல் விமானம் வாங்கலாமா, கட்டுப்படியாகுமா? புதிய பைலட்டுகள் என்னிடம் கேட்டவை

நான் டெக்சாஸில் இருக்கிறேன். பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தபோது, பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் என் லாக்புக்கில் 92 மணி நேரம் மட்டுமே இருந்தபோது, வேறொருவர் தன் கராஜில் கட்டிய ரான்ஸ் எஸ்-6 ஒன்றைச் செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். இரண்டு இருக்கை, துணி போர்த்திய உடல், மூக்குச் சக்கரம், 80 குதிரைசக்தி ரோடாக்ஸ் 912 எஞ்சின். நாலு வருடமாக என்னிடம் இருக்கிறது. பறக்கக் கற்றுக்கொள்ளும் நம்மவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் போனில் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். விதிகள் எல்லாம் அமெரிக்க விதிகள், பணமெல்லாம் டாலர்.

எக்ஸ்பெரிமெண்டல்னா என்ன அர்த்தம்? இன்னும் சோதனையில இருக்கிற விமானமா?

செஸ்னா மாதிரியான தொழிற்சாலை விமானத்தின் வடிவமைப்பை அரசின் விமானத்துறையான எஃப்.ஏ.ஏ. முழுக்கச் சோதித்து ஒப்புதல் கொடுத்திருக்கும். அந்த ஒப்புதல் இல்லாமல் பறக்க அனுமதி பெறும் விமானங்களுக்கான பொதுப் பெயர்தான் எக்ஸ்பெரிமெண்டல். அதற்குள் பல பிரிவுகள் உண்டு. நம் பேச்சில் வருவது பெரும்பாலும் 'அமெச்சூர்-பில்ட்', அதாவது தன் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தனி ஆட்கள் கட்டியது. வேலையில் பாதிக்கு மேல் அவர்களே செய்திருக்க வேண்டும், இதைத்தான் 51 சதவீத விதி என்பார்கள். மீதி கம்பெனியிலிருந்து பாகத் தொகுப்பாக (கிட்) வரலாம்.

கட்டி முடித்ததும் எஃப்.ஏ.ஏ. சார்பில் ஒருவர் வந்து பார்த்து, ஒரு குறிப்பிட்ட பகுதிக்குள் மட்டும் சோதனைப் பறத்தலுக்கு அனுமதி தருவார். வழக்கமாக 40 மணி நேரம்; சான்று பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் ஜோடியாக இருந்தால் 25. அதை முடித்து விமானத்தின் லாக்புக்கில் பதிந்த பிறகுதான் மற்ற பயணங்கள். ஆக நீங்கள் செகண்ட்ஹேண்டில் வாங்குவது அந்தக் கட்டத்தைத் தாண்டிய விமானமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பெயர் மட்டும் கடைசி வரை எக்ஸ்பெரிமெண்டல்தான், ஏறும் இடத்தில் அந்தச் சொல் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்.

நானே கட்டணுமா, இல்ல கட்டினதை வாங்கிக்கலாமா?

தாராளமாக வாங்கலாம். எதற்கு ஆசைப்படுகிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பறக்க ஆசை என்றால் வாங்குங்கள், கட்ட ஆசை என்றால் கட்டுங்கள். வேன்ஸ் கம்பெனியின் ஆர்வி வகை இரண்டு இருக்கை விமானம் ஒன்றைக் கட்ட ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் மணி நேரம் சர்வ சாதாரணமாகப் போகும். வேலைக்குப் போய்க்கொண்டு, குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு செய்தால் அது ஐந்தாறு வருடம். அந்த ஐந்தாறு வருடமும் பறக்கக் காசும் நேரமும் இல்லாமல், கற்றுக்கொண்டதை மறந்துபோனவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கட்டுபவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு, அது அவரோடு மட்டும் போகும், விமானத்தோடு உங்களுக்கு வராது. மெக்கானிக் பற்றிய கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

வெறும் 30,000 டாலருக்கு நிஜமாவே விமானம் கிடைக்குமா?

கிடைக்கும். நான் தேடியபோது ரான்ஸ் எஸ்-6, பழைய கிட்ஃபாக்ஸ், ஜெனித் 601, சோனெக்ஸ் போன்றவை 25,000 முதல் 45,000 வரை ஓடின. ஆர்வி-6, ஆர்வி-9 என்று போனால் அதைப்போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும். நான் 34,000 கொடுத்தேன்.

ஆனால் கையில் 34,000 வைத்துக்கொண்டு 34,000 டாலர் விமானத்தை வாங்காதீர்கள். விலையில் கால்பங்காவது தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதிக்குள் தேடுங்கள். முதல் வருடம் அந்தப் பணத்தைக் கேட்கும். என்னிடம் எப்படிக் கேட்டது என்பது கீழே, வாங்கும்போது பார்க்க வேண்டியவை பற்றிய பதிலில் இருக்கிறது.

வருஷத்துக்கு எவ்வளவு ஆகுது? மறைக்காம சொல்லுங்க.

போன வருடக் கணக்கு இது. விமானத்தை நிறுத்தும் கொட்டகையான ஹேங்கருக்கு வாடகை மாதம் 225, வருடத்துக்கு 2,700. இன்சூரன்ஸ் 1,200. வருடாந்திரப் பரிசோதனைக்கு மெக்கானிக் 600. ரோடாக்ஸில் ரப்பர் ஹோஸ்கள் அத்தனையையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், அதற்காக வருடம் 300 ஒதுக்குகிறேன். டயர், பேட்டரி, எதிர்பாராத உடைசல் என்று 1,000. கூட்டினால் 5,800. விமானம் ஹேங்கரை விட்டு ஒரு நாள்கூட வெளியே வராவிட்டாலும் இந்தப் பணம் போய்விடும்.

அதற்கு மேல் பறக்கும் செலவு. மணிக்கு நாலு கேலன் பெட்ரோல் குடிக்கும், எத்தனால் கலக்காத கார் பெட்ரோலே போதும், சுமார் 18 டாலர். எஞ்சினுக்காக மணிக்கு 12 டாலர் தனிக்கணக்கில் போடுகிறேன், ஏனென்றால் புது ரோடாக்ஸ் இருபதாயிரத்தை ஒட்டி வருகிறது, அது ஒரு நாள் வந்தே தீரும் செலவு. ஆக மணிக்கு 30.

வருடம் 70 மணி நேரம் பறந்தால் மொத்தம் 7,900, அதாவது மணிக்கு 113 டாலர். அதே விமானத்தில் 30 மணி நேரம் மட்டும் பறந்தால் மணிக்கு 223! விமானம் மாறவில்லை, நீங்கள் ஏறிய தடவைகள்தான் குறைந்தன. யார் கேட்டாலும் முதலில் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: வருடத்துக்கு எத்தனை மணி நேரம் பறப்பீர்கள்? எத்தனை பறக்க ஆசை என்று கேட்கவில்லை, போன வருடம் எத்தனை பறந்தீர்கள் என்று பாருங்கள்.

அப்ப வாடகைக்கு எடுக்கிறதே மேல் இல்லையா?

பலருக்கு ஆமாம். எங்கள் பக்கம் செஸ்னா 172 பெட்ரோலோடு சேர்த்து மணிக்கு 180. மேலே சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால், வருடம் 39 மணி நேரம் பறக்கும்போது இரண்டும் சமம். அதற்குக் கீழே என்றால் வாடகை லாபம். வாங்கப் போட்ட முதலுக்கு வரக்கூடிய வட்டியையும் சேர்த்தால் இந்த எண் இன்னும் ஏறும்.

சொந்த விமானம் இருந்தால் கூடுதலாகப் பறப்பீர்கள் என்பதும் உண்மை, அதையும் சொல்லிவிடுகிறேன். வாடகை எடுத்த காலத்தில் மாதம் மூன்று மணி நேரம் பறந்தேன். இப்போது வேலை முடிந்து சாயங்காலம் காற்று அடங்கியதும் ஹேங்கர் கதவைத் திறந்து, அரை மணி நேரம் வயல்களுக்கு மேல் சுற்றிவிட்டு இருட்டுமுன் வந்துவிடுகிறேன். யாரிடமும் முன்பதிவு இல்லை. இதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

எனக்கு கிரீன் கார்டு இன்னும் வரல, எச்-1பில இருக்கேன். வாங்க முடியுமா?

உங்கள் பெயரில் பதிய முடியாது. அமெரிக்கப் பதிவெண் வேண்டுமானால் தனி நபர் உரிமையாளர் குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பு உள்ளவராகவோ இருக்க வேண்டும். எல்எல்சி என்ற சிறு நிறுவனம் ஆரம்பித்துப் பதியலாம் என்று யாராவது சொன்னால் கவனம், அதற்கும் குடியுரிமைச் சோதனை உண்டு. ஓட்டுரிமையில் 75 சதவீதமாவது குடிமக்கள் கையில் இருக்க வேண்டும், அதனால் கிரீன் கார்டு நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஆரம்பிக்கும் எல்எல்சி இதில் சிக்கிக்கொள்ளும். அவர்கள் தங்கள் பெயரிலேயே கூட்டு உரிமையாளர்களாகப் பதிவதுதான் நேர்வழி. டிரஸ்ட் வழியும் இருக்கிறது, 30,000 டாலர் விமானத்துக்கு அந்தச் செலவு தாங்காது.

பறக்கக் கற்றுக்கொள்ள எச்-1பி தடையில்லை. குடிமகன் அல்லாதவர், கிரீன் கார்டு வைத்திருப்பவர் உட்பட, முதல் லைசென்ஸுக்கான பயிற்சியைத் தொடங்குமுன் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டி.எஸ்.ஏ.விடம் பாதுகாப்பு அனுமதி வாங்க வேண்டும். கார்டு வரும் வரை வாடகை விமானத்தில் மணி நேரத்தைச் சேர்த்துக்கொண்டே இருங்கள். அடுத்த கேள்வியில் அது உங்களுக்குக் கைகொடுக்கும்.

லைசென்ஸ் வாங்கி மொத்தமே 60 மணி நேரம்தான். இன்சூரன்ஸ் கொடுப்பாங்களா?

மூக்குச் சக்கரம் உள்ள, மெதுவான, பலருக்கும் தெரிந்த வகை என்றால் பெரும்பாலும் கொடுப்பார்கள், அந்த வகையில் பயிற்றுநரோடு இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. எனக்கு ஐந்து மணி நேரம் கேட்டார்கள். வால் சக்கர விமானம் என்றால் விலை ஏறும், நிபந்தனையும் ஏறும். ஒரே ஒருவர் வரைந்து ஒரே ஒருவர் கட்டிய அபூர்வ வடிவமைப்பு என்றால் பேசவே மாட்டார்கள். அதனால் விமானத்தின் மேல் மனசு விழுமுன் தரகரிடம் பதிவெண்ணைக் கொடுத்து விலை கேளுங்கள், அதற்குக் காசு கிடையாது.

மத்திய அரசின் சட்டப்படி இன்சூரன்ஸ் கட்டாயமில்லை, ஆனால் ஹேங்கர் ஒப்பந்தம் பெரும்பாலும் கேட்கும். மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கானதை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். விமானத்தின் மதிப்புக்கான இன்சூரன்ஸ் உங்கள் விருப்பம், அது போனால் குடும்பம் தாங்குமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

வேலையெல்லாம் நானே செஞ்சா மெக்கானிக் செலவு மிச்சமாகும்ல?

இதில்தான் எக்ஸ்பெரிமெண்டலின் நிஜமான லாபம் இருக்கிறது. அமெச்சூர்-பில்ட் விமானத்தில் யார் வேண்டுமானாலும் பழுது பார்க்கலாம், உரிமையாளரும் பார்க்கலாம். எண்ணெய் மாற்றுவது, பிரேக், ரேடியோ, வயரிங், எஞ்சின் வேலைகூட. உதிரிபாகங்களும் சான்று பெற்றவையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை, அதனால் தொழிற்சாலை விமானத்துக்குப் பல ஆயிரம் ஆகும் டிஜிட்டல் கருவிகள் இதில் பாதி விலைக்கும் குறைவாகப் பொருந்துகின்றன.

ஒரே ஒரு விலக்கு, வருடாந்திரப் பரிசோதனை என்று மேலே சொன்ன, 12 மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் கண்டிஷன் இன்ஸ்பெக்‌ஷன். அதில் கையெழுத்துப் போடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, விமான உடலுக்கும் எஞ்சினுக்குமான 'ஏ அண்ட் பி' சான்று உள்ள மெக்கானிக். இரண்டு, அந்த விமானத்தைக் கட்டி அதற்கான ரிப்பேர்மேன் சான்று வாங்கியவர். முன்பு சொன்ன வசதி இதுதான், விற்றாலும் அது அவரிடமே இருக்கும். நீங்கள் பேனல்களைக் கழற்றி, சுத்தம் செய்து, மெக்கானிக் பார்த்த பிறகு மாட்டலாம். நான் அப்படிச் செய்வதால்தான் 600 டாலரில் முடிகிறது.

அப்புறம், சில விமானங்கள் எக்ஸ்பெரிமெண்டலிலேயே லேசான விமானங்களுக்கான 'லைட்-ஸ்போர்ட்' பிரிவில் பதிவாகியிருக்கும், பல ஆர்வி-12கள் அப்படி. அந்த வகையை வாங்கினால், நீங்கள் கட்டியவராக இல்லாவிட்டாலும் 16 மணி நேர வகுப்பு ஒன்றை முடித்து, உங்கள் விமானத்தின் வருடாந்திரப் பரிசோதனையில் நீங்களே கையெழுத்திடலாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு விமானங்களில் எது எந்தப் பிரிவு என்பதைப் பறக்கும் தகுதிச் சான்றில் (ஏர்வொர்த்தினஸ் சர்டிஃபிகேட்) பாருங்கள்.

வாங்கும்போது எதை எதைப் பார்க்கணும்?

முதலில் தாள்கள். முதல் கட்டச் சோதனைப் பறத்தல் முடிந்ததாக லாக்புக்கில் பதிவு, அந்த விமானத்துக்கென்று கொடுத்த இயக்க வரம்புகள், எடை-சமநிலைக் கணக்கு, கடைசிப் பரிசோதனையின் கையெழுத்து. இயக்க வரம்புகள் தாள் இல்லாத விமானத்தைக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அடுத்து, அந்த வகைக்கென்று தெரிந்த குறைகள். உதாரணத்துக்கு ஜெனித் 601 எக்ஸ்எல்லில் பறக்கும்போதே இறக்கை முறிந்த விபத்துகளுக்குப் பிறகு, விபத்துகளை விசாரிக்கும் என்.டி.எஸ்.பி. 2009-இல் அவசரப் பரிந்துரை விடுத்தது, பின்னர் வலுவூட்டும் பாகங்கள் வந்தன. அந்தப் பாகங்களைப் போட்டிருக்கிறார்களா என்பதை எழுத்தில் பார்க்காமல் வாங்கக் கூடாது.

மூன்றாவது, அதே வகையை நன்றாகத் தெரிந்த மெக்கானிக்கை உங்கள் செலவில் கூட்டிப்போய்ப் பாருங்கள். நான் 400 டாலரை மிச்சம் பிடிக்க, விற்றவரின் நண்பர் பார்த்துச் சொன்னதை நம்பினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் பரிசோதனையில் பார்த்தால் ஹோஸ்கள் பதினொரு வருடப் பழசு, விரலால் வளைத்ததும் வெடிப்பு தெரிந்தது. கார்புரேட்டர் மிதவை ஒன்று பெட்ரோலை உறிஞ்சிக் கனத்திருந்தது. வால் பக்கத் துணி வெயிலில் உளுத்து, சோதிக்கும் ஊசிக்கே விட்டுக்கொடுத்தது. 3,400 டாலர், ஏழு வாரம் பறக்கவில்லை. பணத்தைவிட, அந்த ஹோஸ்களை நம்பி மனைவியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை போயிருந்தேன் என்பதை நினைத்து எத்தனையோ இரவு தூக்கம் வரவில்லை.

நாலாவது, கட்டியவர் வரைபடத்திலிருந்து எங்கெல்லாம் விலகினார் என்று கேளுங்கள். 1997 அக்டோபரில் பாடகர் ஜான் டென்வர், தான் புதிதாக வாங்கிய லாங்-ஈஸி விமானத்தில் கலிஃபோர்னியாக் கடலோரம் விழுந்து இறந்தார். அனுபவமுள்ள பைலட். அந்த விமானத்தைக் கட்டியவர், எரிபொருள் டேங்க்கை மாற்றும் கைப்பிடியை வரைபடத்தில் இருந்த இடத்தில் வைக்காமல் பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் திருப்ப உடம்பையே திருப்ப வேண்டும். வாங்கும் விமானத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கைப்பிடியையும் தொட்டுப் பாருங்கள். எட்டாதது எதுவும் இருக்கக் கூடாது.

ஆபத்தானதுன்னு வீட்டுல ஒத்துக்கவே மாட்டேங்கிறாங்க. நிஜமா ஆபத்தா?

தொழிற்சாலை விமானங்களைவிட விபத்து விகிதம் அதிகம்தான், வீட்டில் மறைக்காதீர்கள். என்.டி.எஸ்.பி. 2012-இல் இதைத் தனியாக ஆராய்ந்தது. எஞ்சின் சக்தி இழப்பும் கட்டுப்பாட்டை இழப்பதும்தான் பெரிய காரணங்கள். ஆராய்ந்த 2011-ஆம் வருட விபத்துகளில் பாதிக்கு மேல், கட்டியவரிடமிருந்து வேறொருவர் வாங்கி ஓட்டிய விமானங்கள். அதாவது நம் மாதிரி ஆட்கள்.

இதை நான் படித்தபோது பயத்தைவிடத் தெளிவுதான் வந்தது, ஏனென்றால் இரண்டு காரணத்துக்கும் நம் கையில் வேலை இருக்கிறது. எரிபொருள் அமைப்பைப் பார்த்து வாங்குவது ஒன்று, அந்த வகையில் முறையான பயிற்சி எடுப்பது இன்னொன்று. என் மனைவியை அந்தப் பயிற்சியின் கடைசி நாளில் பயிற்றுநரிடம் கூட்டிப்போனேன். மனைவி கேட்க நினைத்ததையெல்லாம் நான் பக்கத்தில் இல்லாமல் கேட்டார். அதற்குப் பிறகுதான் ஏறினார்.

செஸ்னாவுல கத்துக்கிட்டேன். இது ரொம்ப வித்தியாசமா இருக்குமா?

இருக்கும். எஸ்-6 மாதிரி லேசான விமானத்தில் பவரைக் குறைத்தால் வேகம் உடனே விழும், செஸ்னா மாதிரி மிதந்துகொண்டே போகாது. முதல் வாரம் நான் ரன்வேக்கு மேல் சீக்கிரமே மூக்கைத் தூக்கித் தூக்கி, பொத்தென்று இறக்கினேன். வெயில் நேரத்தில் தரையிலிருந்து மேலெழும் காற்று, விமானத்தைக் காகிதம் மாதிரி தூக்கிப் போடும். ஆர்வி வகைகளில் இதற்கு நேர் எதிர்ப்பிரச்சினை, வேகம் குறையவே குறையாது.

உங்கள் விமானத்திலேயே பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. இன்சூரன்ஸ் ஐந்து மணி நேரம் கேட்டது என்று சொன்னேன் அல்லவா, நான் ஒன்பது எடுத்தேன். அந்த நாலு மணி நேரத்துக்குக் கொடுத்த பணத்தை வேறு எதிலும் குறைத்திருப்பேன், இதில் குறைத்திருக்க மாட்டேன்.

பார்ட்னர் சேர்த்துக்கிட்டா செலவு பாதியாகுமா?

5,800 பாதியாகும், மணிக்கு 30 மாறாது. ஆளுக்கு 35 மணி நேரம் பறந்தாலே மணிக்கு 113தான் வரும், தனியாக 70 பறந்தவருக்கு வந்த அதே செலவு. குறைவாகப் பறப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. இரண்டு பேரின் இன்சூரன்ஸில் அனுபவம் குறைந்தவரை வைத்துத்தான் விலை போடுவார்கள், அதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் வேறு மாநிலத்துக்குப் போனால் அவர் பங்கை என்ன விலைக்கு யார் வாங்குவது, தரையிறக்கத்தில் ஒருவர் சக்கரம் தாங்கும் கால்களை உடைத்தால் இன்சூரன்ஸ் தராத தொகை யாருடையது, எஞ்சின் கணக்கில் பணம் போடாமல் விட்டால் என்ன.

ஃப்ரெண்ட்ஸை ஏத்திட்டுப் போய் காசு வாங்கலாமா? சும்மா நிக்கிற நேரத்துல வாடகைக்கு விடலாமா?

கூடாது. ஆளையோ சரக்கையோ காசுக்கு ஏற்றிச் செல்ல எக்ஸ்பெரிமெண்டலுக்கு அனுமதியில்லை. செஸ்னாவை வாடகைக்கு விட்டுக் கொஞ்சம் மீட்கும் வழி இதில் அடைபட்டிருக்கிறது, அதையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். பெட்ரோல் காசைப் பகிர்கிறேன் என்று நண்பர்கள் நீட்டினாலும் நான் வாங்குவதில்லை. ஏறுமுன் இது அமெச்சூர் கட்டியது, தொழிற்சாலை விமானத்துக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்ற பலகையை அவர்களையே வாசிக்கச் சொல்வேன்.

மொசைக்னு புது விதி வந்திருக்காமே, அதுல எனக்கு என்ன?

மொசைக் என்பது எஃப்.ஏ.ஏ.வின் புது லைட்-ஸ்போர்ட் விதித் தொகுப்பு, 2025 ஜூலையில் ஆஷ்கோஷ் விமானத் திருவிழாவின்போது அறிவித்தார்கள். ஸ்போர்ட் பைலட்டுக்கான, அதாவது பிரைவேட்டைவிட எளிதான லைசென்ஸ் உள்ளவருக்கான பகுதி அதே வருடம் அக்டோபர் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பு ஸ்போர்ட் பைலட் 1,320 பவுண்டுக்கு மேற்பட்ட விமானத்தைத் தொட முடியாது. இப்போது எடைக்குப் பதில், இறக்கையின் ஃபிளாப் தட்டுகளை இறக்காமல் ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும்) வேகம் 59 நாட் (knots), அதாவது மணிக்குச் சுமார் 109 கி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். நாலு இருக்கை வரை இருக்கலாம், பயணி ஒருவர்தான். அமெச்சூர்-பில்ட் வகைகளில் நிறைய இதற்குள் வந்துவிடுகின்றன.

உங்களுக்கு நேரடிப் பயன், ஸ்போர்ட் லைசென்ஸுக்கு முன்பே இருந்த சலுகைகளோடு இவற்றையும் ஓட்டலாம் என்பது: குறைந்தபட்சப் பயிற்சி பிரைவேட்டின் 40-க்குப் பதில் 20 மணி நேரம், மருத்துவச் சான்றுக்குப் பதில் கார் ஓட்டுநர் உரிமம் போதும். ஸ்போர்ட் லைசென்ஸுக்கு ஆட்கள் கூடியதால் அந்த வகை விமானங்களை விற்பவர்கள் விலையைக் கொஞ்சம் உயர்த்திப் பார்க்கிறார்கள், பேரம் பேசுங்கள்.

விக்கும்போது போட்ட பணம் திரும்ப வருமா?

வாங்கிய விலை பெரும்பாலும் வரும், செலவழித்தது வராது. செகண்ட்ஹேண்ட் விலை முதல் உரிமையாளரிடமே இறங்கிவிட்டதால் நமக்கு அவ்வளவு விழாது. கிட் கம்பெனியின் நிலையும் விலையை ஆட்டும்: வேன்ஸ் 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டபோது பாகங்கள் வருமா என்று எல்லோரும் பதறினார்கள், அடுத்த வருடம் மீண்டு வந்தது. நிறைய எண்ணிக்கையில் பறக்கும் வகையை வாங்கினால் கம்பெனிக்கு எது நடந்தாலும் அதைத் தெரிந்த ஆட்கள் இருப்பார்கள்.

நான் மாற்றிய ஒவ்வொரு ஹோஸையும் தேதி போட்டுப் படம் எடுத்து லாக்புக்கோடு வைத்திருக்கிறேன். போன மாதம் ஒருவர் சும்மா பார்க்க வந்தவர், அந்தக் கோப்பை முக்கால் மணி நேரம் புரட்டிவிட்டு, விற்பதாக இருந்தால் 36,000 தருகிறேன் என்றார். இப்போதைக்கு விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.